உபாத்திச்சிக் கஞ்சி

ஐப்பசி 21

இன்றிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. பெண்பிள்ளைகளின் ஓலைக்கட்டுகளையெல்லாம் வேதக்கோயிலின் பின்னறையில் அடுக்கிவிட்டு வந்தேன். நான் பாடம் சொன்ன இடத்தில் இப்போது சிப்பாய்கள் படுத்திருக்கிறார்கள். ராசாவின் படை ஆற்றுக்கு அக்கரையில் கூடாரம் போட்டுவிட்டது. கோட்டை வாசல்களை அடைத்து உள்பக்கம் கல் அடுக்கியிருக்கிறார்கள். கடல் பக்கம் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் இந்த மழைக்காலத்தில் எந்தக் கப்பலும் சேந்தன்துறையை நெருங்காது. தை பிறந்தால்தான் கடல் வழிவிடும். அதுவரை கோட்டைக்குள் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

பாதிரி ஐயர் என்னைப் படிக்க வைத்த காலத்தில் சொன்னது: "தினமும் எழுது தபீத்தாள். ஒன்றையும் ஒளிக்காமல் எழுது." கல்யாணமான பிறகு விட்டுப்போயிருந்தது. அச்சுக்கூடத்தில் பிழையாகிப்போன தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பயமாக இருப்பதால் எழுதுகிறேன். எழுதும் நேரமாவது மனசு ஓரிடத்தில் நிற்கிறது.

மீகாவுக்குப் பத்து மாதம். கீழ் ஈறு வீங்கியிருக்கிறது, கைக்கு அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். இவர் சிரிக்கிறார்.

இவர் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்து வார்ப்பவர். வீட்டுக்கு வந்ததும் சாம்பலும் புளியும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் பிள்ளையைத் தூக்க மாட்டார். எழுத்து வார்க்கக் கற்றுக்கொடுத்த சீமைக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம், ஈயக் கையால் சோற்றையும் தொடாதே, குழந்தையையும் தொடாதே என்று. இவர் கழுவி முடிப்பதற்குள் மீகா கையை நீட்டிக்கொண்டு அலறுகிறான்.

"பெத்த பிள்ளையத் தூக்க இவ்ளோ ஆசாரமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செங்கமலக்கா கேட்பாள். "பூசைக்குப் போற ஐயரு தோத்தாரு போ!"

ஐப்பசி 28

பீரங்கிச் சத்தம். வடக்குக் கொத்தளத்தில் ஒரு மூலை சரிந்ததாம். செங்கமலக்காவின் புருஷன் அங்கேதான் காவலுக்கு நிற்கிறார். அவள் நாள் முழுதும் வாசலிலேயே நின்றாள். மூன்று வயது மகள் பொன்னுருவி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, குண்டு விழும்போதெல்லாம் "டம்மு" என்று சொல்லிக் கைதட்டினாள். மீகா என் இடுப்பில் இருந்தபடி அவளைப் பார்த்து முதல்முறையாகக் கைதட்டினான். இந்தக் கூத்தைக் கண்டு நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு செங்கமலக்கா அழுதாள்.

மாடுகளைப் பட்டாளத்துக்கு அறுத்துவிட்டார்கள். இனிப் பால் இல்லை. எனக்கும் சுரப்பு குறைந்துகொண்டு வருகிறது.

கார்த்திகை 3

சிப்பாய்கள் கோட்டைத் தளபதி கொம்மாந்தர் துரை வீட்டு வாசலில் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சம்பளம் வந்து இரண்டு மாசமாயிற்றாம். கும்பினியின் வெள்ளி தீர்ந்துவிட்டது. துரை கையெழுத்துப் போட்ட சீட்டை நீட்டினால், கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத அளந்து போட முடியாதே" என்கிறாராம்.

சாயங்காலம் பாதிரி ஐயரே வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "அதிசயநாதா, எழுத்துகளைக் கேட்கிறார்கள்" என்றார். இவருக்கு முதலில் விளங்கவில்லை. கோட்டைக்குள் ஈயம் குவியலாக இருப்பது இரண்டே இடத்தில்தான். ஒன்று துப்பாக்கிக் குண்டுக் கிடங்கு, மற்றது அச்சுக்கூடம். குண்டைத் தொட முடியாது. ஆகவே எழுத்தையெல்லாம் உருக்கி ஈயக்காசு அடிக்கப்போகிறார்கள். கப்பல் வந்ததும் கும்பினி அதை வாங்கிக்கொண்டு வெள்ளி கொடுக்கும். அதுவரை கடைக்காரர் வாங்க மறுத்தால் சவுக்கடி.

"முத்திரை வெட்டத் தெரிந்தவன் இங்கே நீ ஒருவன்தான்" என்றார் ஐயர்.

இவர் தலையாட்டினார்.

கார்த்திகை 5

உருக்கிவிட்டார்கள். இவர் ஒரு பக்கம் எழுத்துக் கோத்து முடித்துக் கட்டி வைத்திருந்தாராம், அச்சேற வேண்டிய வேதாகமச் சங்கீதம். அதை அப்படியே கொப்பரையில் சாய்த்திருக்கிறார்.

"கொம்பும் காலும் மெலிசு, அதான் முதல்ல போச்சு" என்றார். "மத்ததெல்லாம் கொஞ்ச நேரம் நின்னுச்சு."

கை கழுவி முடித்து, மீகாவை மார்பில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

கார்த்திகை 9

இன்று காசு அடித்தார்கள். ஒரு பக்கம் கும்பினியின் நங்கூரம், மறுபக்கம் எண். கம்மாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம்: புது முத்திரையில் விழும் முதல் காசு, முத்திரை வெட்டியவன் பிள்ளைக்கு. அதில் துளை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அதை எடுத்துக்கொண்டு ஓடியே வந்தார். எழுத்துகள் போன நாளிலிருந்து இவர் முகத்தில் இன்றுதான் வெளிச்சம் பார்க்கிறேன்.

"பாரு தபீத்தா, உங்கப்பன் வீட்டு வெள்ளி மாதிரி மின்னுது!"

"எங்கப்பன் வீட்டுல ஏது வெள்ளி?"

"அதான் இவ்ளோ மின்னுது."

பாதிரி ஐயர் பார்த்தால் தாயத்து என்று திட்டுவார். ஆனாலும் மீகாவின் அரைஞாணில் கட்டினேன். அவன் அதை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். கடிக்கத் தோதாக இருக்கிறது போலும், வெகுநேரம் அழவில்லை. பிறகு பார்த்தால் நங்கூரத்தின் மேல் சின்னதாக ஒரு பள்ளம். பல் வெட்டிவிட்டது! என் பிள்ளையின் முதல் பல்லைக் காசுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இவர் இன்று கை கழுவாமலே அவனைத் தூக்கிவிட்டார். நானும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தோம்.

கார்த்திகை 14

விறகு கிடைக்கவில்லை. இடிந்த வீடுகளின் உத்தரங்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் அடுப்பு மூட்டுகிறேன். நொய்க் கஞ்சியைக் காய்ச்சிப் பானையில் வைத்துவிடுகிறேன். மறுநாளே புளிக்கிறது, அதற்கடுத்த நாள் மூக்கைத் துளைக்கிறது. நாங்கள் குடித்துவிடுகிறோம். மீகா குடிக்கமாட்டேன் என்கிறான். பால் புகட்டும் பாலாடையை வாயருகே கொண்டுபோனதும் தலையைத் திருப்பிக்கொள்கிறான், மூக்கைப் பிடித்து ஊற்றினால் அப்படியே துப்புகிறான். வெல்லம் கேட்டுக் கடைத்தெரு முழுக்க நடந்தேன். கடைக்காரர் சிரித்தார்.

அவன் விலா எலும்பு தெரிகிறது. இன்று அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். என்ன செய்வது. கர்த்தாவே, என்ன செய்வது.

கார்த்திகை 16

துப்பினான். துப்பினான். துப்பினான்.

கார்த்திகை 18

இன்று நடந்ததை எழுதக் கை பரபரக்கிறது.

தெருவில் திருட்டு அதிகமாகிவிட்டது. இவருக்கு வந்த சம்பளக் காசுகளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், நேற்று சாயங்காலம் கஞ்சிப் பானைக்குள் போட்டு மூடிவைத்தேன். புளித்த கஞ்சிக்குள் எவன் கைவிடப்போகிறான்? காலையில் வழித்து ஊற்றும்போது ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளிப்பு இல்லை! இருந்ததென்றாலும் எங்கோ அடியில்தான். மேலே ஒரு இனிப்பு. கரும்பைப்போல இல்லை, நாக்கில் மெதுவாக வந்து தங்குகிற இனிப்பு.

மீகாவிடம் கொண்டுபோனேன். தலையைத் திருப்பினான். உதட்டில் தடவினேன். நக்கினான். பிறகு வாயைத் திறந்தான்.

பாலாடை காலியாகிவிட்டது. இன்னொன்று ஊற்றினேன். அதையும் குடித்தான். நான் அழுததைப் பார்த்து அவன் சிரித்தான்.

காசில் ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது. கஞ்சிக் கசடு. தேய்த்துக் கழுவி மறுபடியும் பானையில் போட்டேன்.

கார்த்திகை 20

செங்கமலக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொன்னுருவியும் கஞ்சி குடிக்காமல் அடம் பிடிக்கிறாள். அக்கா முதலில் நம்பவில்லை.

"காசுல சக்கரை தடவி அடிச்சாரா உன் புருஷன்?"

"குடிச்சுப் பாருங்க அக்கா."

குடித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஏன்டி, படிச்சவ படிச்சவதான்டி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் வாசலில் வந்து, எத்தனை காசு போடணும், எவ்வளவு நேரம் ஊறணும் என்று கேட்டுப்போனார்கள். நான் வகுப்பில் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னேன். "உபாத்திச்சிக் கஞ்சி" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பானை வைத்திருக்கிறேன். காசு போட்டது மீகாவுக்கும் இவருக்கும். எல்லாருக்கும் போதுமான இனிப்பு எங்கே இருக்கிறது? எனக்குப் புளித்ததே போதும்.

கார்த்திகை 25

குண்டு கோயில் சுவரில் விழுந்தது. மீகா விழிக்கவே இல்லை. முன்பெல்லாம் பல்லி விழுந்தாலே அலறுவான். "நல்ல பிள்ளை ஆயிட்டான்" என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படியே தோளில் சாய்ந்து கிடக்கிறான். கைதட்டச் சொன்னால் என்னைப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

கார்த்திகை 29

மீகாவுக்கு வெளிக்குப் போகவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தேன், வசம்பு உரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினேன். திடீர் திடீரென்று காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு கத்துகிறான். பல் முளைக்கும்போது இப்படித்தான் என்கிறார்கள். பல் முளைக்கும்போது இப்படித்தான். பட்டாளத்து வைத்தியர் காயம்பட்டவர்களை விட்டுவிட்டு இதற்கெல்லாம் வரமாட்டார்.

கஞ்சியை மட்டும் குடிக்கிறான், அந்தவரைக்கும் நிம்மதி.

மார்கழி 4

இவருக்கும் வயிற்றுவலி. இரவில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நிற்கிறார். காலையில் சுத்தியலைத் தூக்கினால் மணிக்கட்டு மடங்கிக் கீழே விழுகிறதாம். "குளிர்ல விறைச்சிருக்கும்" என்றார். காசு அடிக்க வேறு ஆளைப் போட்டுவிட்டு, இவரை எண்ணி அடுக்கும் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்று வீடு தள்ளி ஒரு கைக்குழந்தை இறந்துபோயிற்று. கோட்டைக்குள் ஏதோ விஷக்காய்ச்சல் வந்திருப்பதாகப் பேச்சு. மீகாவின் நெற்றியை நாள் முழுதும் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. ஆகவே அது இல்லை.

மார்கழி 9

நிற்கப் பழகியிருந்தான். இப்போது உட்காரவைத்தாலும் சாய்கிறான்.

மார்கழி 14

கிறிஸ்து பிறந்த பண்டிகை. கோயிலில் பாதிக் கூரை இல்லை, மழைத் தண்ணீருக்குள் முழங்கால் போட்டுச் செபம் செய்தோம். மீகாவின் கழுத்து நிற்கவில்லை, உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தேன். முகம் மெழுகுபோல வெளுத்திருக்கிறது. பாதிரி ஐயர் ஆசீர்வதிக்கக் கை வைத்தவர், கையை எடுக்க நேரமாயிற்று.

மற்ற வருஷம் என்றால் பலகாரம் செய்திருப்பேன். பிள்ளைக்குப் பண்டிகை தெரியட்டும் என்று, நேற்றே இன்னும் நாலு காசு கூடுதலாகப் போட்டு ஊறவைத்திருந்தேன். எவ்வளவு இனிப்பு! இரண்டு வாய் குடித்தான்.

மார்கழி 16

வலிப்பு.

மார்கழி 18

நேற்று மத்தியானம் மீகா இறந்துபோனான். விஷக்காய்ச்சல்தான் என்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் தண்ணீர் நின்றதால், சுவரோரம் மேடாக இருந்த இடத்தில் குழி வெட்டினார்கள். சின்னக் குழி. இவருடைய கைகள் மடங்கிவிட்டதால் செங்கமலக்காவின் புருஷன்தான் இறக்கினார். அரைஞாணை அறுக்க நான் விடவில்லை. அப்படியே வைத்தோம்.

மார்கழி 20

வீடு பெருக்கினேன். அரிசியில் கல் பொறுக்கினேன். இவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டேன். அவனுடைய துணிகள் மழையில் காயவில்லை, இன்னும் கொடியில் கிடக்கின்றன.

மார்கழி 23

தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் வேளாயி வீட்டைத் தாண்டினேன். அவள் கோட்டைக்குத் தண்ணீர் சுமப்பவள். கூலியாகக் காசு தருவதில்லை, ஒரு படி நொய்தான். அவளுடைய மூன்று பிள்ளைகளும் சேற்றில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். ஆனாலும் ஓடுகிறார்கள். ஒன்று விழுந்து எழுந்து, சேற்றுக் கையோடு என் சேலையில் துடைத்துவிட்டு ஓடியது.

விஷக்காய்ச்சல் அந்த வீட்டுக்கு ஏன் போகவில்லை?

எங்கள் வீட்டில் எனக்கு ஏன் வரவில்லை?

வேறு எழுத வேண்டாம்.

மார்கழி 25

சாப்பாட்டுக்கு முன் இவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போனேன். சாம்பலும் எடுத்துவைத்திருந்தேன். பழக்கம்தான்.

"இப்ப எதுக்கு?" என்றார். "எழுத்தா வார்த்துட்டு வந்தேன்? காசைத்தானே தொட்டுட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு, மடங்கித் தொங்கும் தம் கைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். செம்பு என் கையில் இருந்தது. தண்ணீர் என் கால்மேல் கொட்டிக்கொண்டிருப்பது எனக்கு வெகுநேரம் தெரியவில்லை.

அவர் பானையைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சாப்பிடாமலே படுத்துக்கொண்டோம்.

மார்கழி 26

காசுகளை வெளியே எடுத்தேன். எடுத்துத் தேய்த்தேன். அந்த வெள்ளைப் படிவு கஞ்சிக் கசடு இல்லை. நான் குடிக்கும் காசில்லாத பானையில் அது இல்லவே இல்லை. தெரிந்துகொள்ள நினைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எழுத்தாக இருந்தபோது அது ஈயம் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் தலையில் நங்கூரத்தைக் குத்தியதும் அது காசு ஆகிவிட்டது. காசைக் கண்டு யார் கை கழுவுவார்கள்?

மார்கழி 27

சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுருவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். நேற்றும் கத்தினாள். எனக்குத் தெரிந்த கத்தல்.

சொல்லலாம். எழுந்து போய் நாலு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கு முடியாது. மீகா காய்ச்சலில் போனான் என்று இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்கழி 28

துணி துவைத்தேன். மழை. அவள் கத்தல் நின்றுவிட்டது. மீகாவும் இப்படித்தான் அமைதியானான்.

மார்கழி 29

காலையில் போனேன்.

பொன்னுருவி பாயில் சுருண்டு கிடந்தாள். செங்கமலக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சட்டியிலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வா, உபாத்திச்சி. பாரு, ரெண்டு வாய் வாங்கிட்டா. நேத்து ஒண்ணும் இறங்கல. இன்னும் ரெண்டு காசு சேத்துப் போட்டேன், பாகு மாதிரி இருக்கு இப்போ. நீயும் ஒரு வாய் குடிக்கிறியா? முகமே சரியில்லையே உனக்கு."

சட்டியைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தேன். மூலையில் இருந்த பானையையும் கவிழ்த்தேன். காசுகள் சேற்றில் சத்தமில்லாமல் விழுந்தன.

"ஏன்டி! பைத்தியம் பிடிச்சுப்போச்சா உனக்கு? அடுத்த விறகு எப்போ குடுப்பானோ, இருந்த கஞ்சியக் கொட்டிட்டியேடி!" எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் பிள்ள போனா என் பிள்ளையும் போகணுமா? அவ்ளோ வயித்தெரிச்சலா?"

"அக்கா, அந்தக் காசு ஈயம்."

"ஈயந்தான். ஊருக்கே தெரியும். அதுக்கென்ன?"

"புளிச்ச கஞ்சில அது கரையுது. அதான் இனிக்குது. வயித்துக்குள்ள போனா குடலச் சுருட்டிப் பிடிக்கும், கை கால் விழுந்துடும், வலிப்பு வரும். இவரு அச்சுக்கூடத்துலருந்து வந்ததும் சாம்பல் போட்டுக் கழுவுவாரே, ஆசாரம்னு நீங்க கேலி பண்ணுவீங்களே. அதுக்குத்தான் அக்கா அது."

"எந்த வைத்தியன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. வேளாயி வீட்டப் பாருங்க. அங்க ஒரு காசு கிடையாது. பிள்ளைங்க பட்டினியாக் கிடந்தும் ஓடுதுங்க. எங்க வீட்டுல இவரும் மீகாவும் இனிப்புக் கஞ்சி குடிச்சாங்க. நான் குடிக்கல. நான் நல்லா இருக்கேன்."

அவள் கை என் தோளிலிருந்து மெதுவாக நழுவியது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்போ மீகா?"

எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். இதை மட்டும் சொல்லிப் பார்க்கவில்லை.

"காய்ச்சல்னாங்களே" என்றாள் அவள். இல்லை என்று நான் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று கெஞ்சுவதுபோல இருந்தது குரல்.

"காய்ச்சல் இல்லக்கா. நான்தான் குடுத்தேன்."

பொன்னுருவியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் போனாள்.

"போயிடு."

"விளக்கெண்ணெய் இருக்கா அக்கா? வயித்துல உள்ளது..."

"போயிடுன்னேன்ல!"

மார்கழி 29, மறுபடியும்

வீட்டில் இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு சுவர்தானே, எல்லாம் கேட்டிருக்கும்.

"காசு அடிச்சது நான்" என்றார்.

"பானையில போட்டது நான்."

தேற்றுவதற்கு இன்னொரு ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் எழுந்து தெருவில் அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போனேன்.

தை 2

வீடு வீடாகப் போய் முடித்துவிட்டேன். கஞ்சி செய்யக் கற்றுக்கொடுத்த அதே வாசல்களில் நின்று சொன்னேன். சிலர் உடனே பானையைக் கவிழ்த்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒரு சிப்பாய், "கப்பல் வரப்போவுது, காசுக்கு வெள்ளி தரப்போறான். இப்போ வந்து எல்லாரையும் வெளிய எடுக்கச் சொல்றா. எடுத்து இவகிட்டக் குடுக்கணுமா? நல்ல புத்திசாலிடா!" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள் வாசலுக்கு வந்தாள். நான் பேசி முடிக்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய்த் தன் பானையை எடுத்துவந்து என் காலடியில் போட்டு உடைத்தாள்.

பாதிரி ஐயரிடமும் சொன்னேன். "நிச்சயம் தெரியுமா தபீத்தாள்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவரே எல்லாருக்கும் அறிவிப்பதாகச் சொன்னார். உன் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். பெயர் இல்லாமல் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தை 6

கப்பல். விடியும்போதே இரண்டு பாய்மரம் தெரிந்ததாம். அக்கரைக் கூடாரங்கள் பாதி கலைந்துவிட்டன. தெரு முழுக்க ஆட்டமும் கூச்சலும். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நாங்கள் புதைத்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

தை 9

கும்பினிக் கிடங்கில் ஈயக்காசை வாங்கிக்கொண்டு வெள்ளி கொடுக்கிறார்கள். வரிசை கடற்கரை வரை நிற்கிறது. எங்களுடையதைக் கொண்டுபோக இவருக்குக் கையில்லை, எனக்கு மனமில்லை. பாதிரி ஐயர் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்.

இவருடைய விரல்கள் இன்று கொஞ்சம் அசைந்தன. எழுத்து வார்க்கும் கை திரும்புமா தெரியவில்லை. சோறு தானாக எடுத்துத் தின்றால் போதும்.

தை 13

சுவருக்கு அந்தப் பக்கம் நேற்று ஒரே அழுகை. பிடிவாதமான, கோபமான அழுகை. எதற்கோ அடம் பிடிக்கிறாள் பொன்னுருவி. சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடம் பிடிக்கத் தெம்பு வேண்டும்.

இன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. செங்கமலக்கா. அன்றைக்குப் பிறகு இன்றுதான் முகம் பார்க்கிறோம். பொன்னுருவியை இடுப்பில் வைத்திருந்தாள். குச்சிக் கால்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் தானாக நிமிர்த்திக்கொண்டாள்.

அக்கா என் பெயரையும் சொல்லவில்லை, உபாத்திச்சி என்றும் கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"என் பானை உடைஞ்சிருச்சு. புதுசு வாங்கணும். கஞ்சி இருக்கா?"

"புளிச்சதுதான் இருக்கு."

"அதான் கேட்டேன்."

என் பானையிலிருந்து ஒரு அகப்பை மொண்டு சட்டியில் ஊற்றினேன். அவளுக்கு முன்னாலேயே பானையைச் சாய்த்து, அடியில் ஒன்றும் இல்லை என்று காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். கையை விட்டும் துழாவிப் பார்த்தாள். பிறகு சட்டியை வாங்கிப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

பொன்னுருவி ஒரு வாய் உறிஞ்சினாள். முகத்தைக் கோணினாள். "புளிக்குது" என்று என் தரையில் துப்பினாள்.

"துப்பாத, குடி" என்றாள் அக்கா.

"துப்பட்டும் அக்கா" என்றேன். "துப்பட்டும். நிறைய இருக்கு."

மறுபடியும் சட்டியை நிறைத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் துப்பினாள். கொஞ்சம் குடித்தாள். மறுபடியும் துப்பினாள்.